மே மாதக் கணக்கு

கோல்ஃப் மைதானத்தை எதிர்ப்பது சிரமமான காரியம். ரசாயனத் தொழிற்சாலை வருகிறது என்றால் ஊர் உடனே விழித்துக்கொள்ளும். புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும். கழிவுநீர் மூக்குக்குத் தெரியும். கோல்ஃப் மைதானத்தில் என்ன தெரியும்? புல். ஒட்ட வெட்டிய பச்சைப் புல், நடுவே ஒரு குளம், ஓரத்தில் நாலு தென்னை மரம். விளம்பரப் படத்தைப் பார்க்கிறவருக்கு யாரோ ஒரு புண்ணியவான் இயற்கையைக் காப்பாற்றுவதற்காகவே பணம் போடுகிறார் என்றுகூடத் தோன்றும். அதனால்தானோ என்னவோ, இப்படி ஒரு திட்டத்துக்காகத் தயாரிக்கப்படும் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையை யாரும் அக்கறையாகப் படிப்பதில்லை. புல்லினால் என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது?

இந்த வாரம் அந்த அறிக்கையைப் படிக்கும் வழியைப் பார்ப்போம். முழுவதும் வேண்டாம். நிலத்தடி நீர் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கும், கழிவு பற்றி ஒரு அத்தியாயம் இருக்கும். இந்த இரண்டு போதும். பட்டதாரி படிப்பு எதுவும் தேவையில்லை. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

உதாரணத்துக்குக் கோவாவை எடுத்துக்கொள்கிறேன். இந்த விவாதம் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், கடற்கரை விடுதிகள் போதாது, கோல்ஃப் மைதானங்களும் வேண்டும் என்ற பேச்சு சுற்றுலா வட்டாரத்தில் கிளம்பியபோதே எதிர்ப்பும் கிளம்பியது. கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகளில் கோல்ஃப் மைதானங்கள் மளமளவென்று முளைத்த காலம் அது. 1993 ஏப்ரல் 29-ல் ஜப்பான், மலேசியா, தாய்லாந்து நாடுகளின் அமைப்புகள் சேர்ந்து உலக கோல்ஃப் எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கி, அந்தத் தேதியை 'கோல்ஃப் இல்லாத நாள்' என்று அறிவித்தன. இருபது ஆண்டுகள் கழித்து, 2010-களில், கோவாவின் வடகோடியில் உள்ள தெரெகோல் கிராமத்தில் அதே கதை மீண்டும் தொடங்கியது. ஆற்றின் வடகரையில், கோவாவின் மற்ற பகுதிகளிலிருந்து ஆறு பிரித்து வைத்திருக்கும் சின்னஞ்சிறு கிராமம் அது. அங்கே கோல்ஃப் மைதானமும் சொகுசு விடுதியும் வரும் என்று ஆனபோது கிராமத்தாரில் பலர் எதிர்த்து நின்றார்கள். விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று.

எந்த ஒரு திட்டத்தின் நியாய அநியாயத்தையும் இங்கே தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. கடற்கரையை ஒட்டிய ஒரு மேட்டுநிலம், அதன்மேல் 18 குழி கோல்ஃப் மைதானம், பக்கத்தில் விடுதியும் வில்லாக்களும், கீழே ஒரு கிராமம் என்று பொதுவாக ஒரு படத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கோவாவில் வரும் திட்டங்கள் பெரும்பாலும் இந்த அச்சில்தான் இருக்கும்.

முதலில் அந்த மேட்டுநிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அறிக்கையில் இது 'தரிசு' என்று குறிக்கப்பட்டிருக்கலாம். ஏப்ரலில் பார்த்தால் அப்படித்தான் இருக்கும்: கருகிய புல், சிவந்த கல், அங்கங்கே முந்திரி மரம். லாட்டரைட் என்கிற செம்புறைக் கல் அது. கேரளத்தில் வெட்டுக்கல் என்பார்கள். தேன்கூடு மாதிரி துளைகளும் குழிகளும் நிறைந்த கல். கோவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் மிகப் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாதத்தில் கொட்டிவிடும். கணிசமான தண்ணீர் அப்படியே கடலுக்கு ஓடுகிறது. மிச்சம் இந்தக் கல்லின் துளைகள் வழியே உள்ளே இறங்குகிறது. கல்லுக்கு அடியில் களிமண் படலம் இருக்கிறது. தண்ணீர் அதைத் தாண்டிச் சுலபமாக இறங்க முடியாமல், பக்கவாட்டில் நகர்ந்து, மேட்டின் சரிவில் ஊற்றாகக் கசிகிறது. அந்த ஊற்றுகளை நம்பித்தான் கீழே 'குளாகர்' என்று அவர்கள் சொல்லும் பாக்குத் தோட்டங்கள், கிணறுகள், நெல் வயல்கள் எல்லாம்.

ஆக, தரிசு என்று எழுதப்பட்ட அந்த மேடு உண்மையில் ஊரின் மேல்நிலைத் தொட்டி. சிமென்ட் இல்லை, குழாய் இல்லை, மின்சாரக் கட்டணம் இல்லை. நாலு மாதத்தில் நிரம்பி எட்டு மாதத்தில் மெல்ல மெல்ல வடியும் தொட்டி. அந்தத் தொட்டியின்மேல் என்ன வரப்போகிறது என்பதுதான் கேள்வி.

இனி கணக்குக்கு வருவோம். 18 குழி மைதானத்துக்கு 50, 60 ஹெக்டேர் வேண்டியிருக்கும். அதில் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய புல்தரை 30 ஹெக்டேர் என்று சிக்கனமாகவே வைத்துக்கொள்வோம். வெப்ப நாட்டுக் கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் கொடுத்தால்தான் புல் பச்சையாக நிற்கும். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் என்பது 10,000 லிட்டர். ஐந்து மில்லிமீட்டருக்கு 50,000. முப்பது ஹெக்டேருக்கு 15 லட்சம் லிட்டர், ஒரே நாளைக்கு. கிராமத்துக் குடிநீருக்கு மத்திய அரசு 2019-ல் ஆரம்பித்த ஜல் ஜீவன் திட்டம் வைத்திருக்கும் அளவு தலைக்கு 55 லிட்டர். அதன்படி 15 லட்சம் லிட்டர் என்பது 27,000 பேரின் ஒரு நாள் தண்ணீர். மேட்டுக்குக் கீழே உள்ள கிராமத்தில் மொத்தமே சில நூறு பேர் இருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெப்ப நாடுகளில் கோல்ஃப் மைதானங்களில் வளர்க்கும் 'பெர்முடா' புல் வேறு எதுவுமில்லை. நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லும் அதன் கலப்பினங்களும்தான். அருகம்புல்லைக் கொல்வது லேசல்ல. கோடையில் கருகும், முதல் மழையில் தழைக்கும். புல் பிழைப்பதற்கு அத்தனை தண்ணீர் தேவையில்லை என்று அர்த்தம். மே மாதத்திலும் அது டிசம்பர் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்குத்தான் அந்த 15 லட்சம் லிட்டர்.

அறிக்கை இதற்கு என்ன பதில் சொல்லும்? பெரும்பாலும் ஆண்டுக் கணக்குக் காட்டும். 60 ஹெக்டேரில் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்தால் 180 கோடி லிட்டர். மைதானத்துக்கு மழையில்லாத 200 நாளைக்குத் தேவை 30 கோடி லிட்டர். ஆறில் ஒரு பங்கு! வானம் கொடுப்பதில் ஆறில் ஒன்றைத்தானே எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதினால் படிக்கிறவர் தலையாட்டிவிடுவார்.

இங்கேதான் நிறுத்திக் கேட்க வேண்டும்: எந்த மாதத்தில்? பெய்த 180 கோடி லிட்டரில் பெரும்பகுதி மழைக்காலத்திலேயே அரபிக் கடலில் சேர்ந்துவிட்டது. உள்ளே இறங்கியதிலும் ஒரு பகுதி பொங்கல் வருவதற்குள் ஊற்றாக வெளியேறிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கல்லின் அடியில் மிஞ்சி நிற்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைத்தான் கீழே ஊரார் கயிறு போட்டு இறைத்துக் குடிக்கிறார்கள். புல்லுக்கு மிக அதிகமாகத் தண்ணீர் வேண்டியதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். வருடச் சம்பளத்தைக் காட்டி மாதக் கடைசியில் கடன் வாங்குகிறவன் கதை இது. ஆண்டு வரவு பெரிதாக இருக்கலாம். 28-ஆம் தேதி பையில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. ஆகவே அறிக்கையில் முதலில் தேட வேண்டியது மே மாதக் கணக்கு. அது இல்லையென்றால் அந்த அத்தியாயம் எழுதப்படவில்லை என்றே கொள்ளலாம்.

இரண்டாவது பதில், அரசாங்க முத்திரை. நாட்டின் நிலத்தடி நீரை அரசு ஒன்றியம் அல்லது தாலுகா வாரியாக மதிப்பிட்டு நான்கு வகையாகப் பிரிக்கிறது. ஆண்டுதோறும் எடுக்கக்கூடியதில் 70 சதவீதம் வரை எடுத்தால் பாதுகாப்பான பகுதி. 90 வரை அரை நெருக்கடி. 100 வரை நெருக்கடி. அதற்கு மேல் அளவு மீறிய சுரண்டல். கோவாவின் தாலுகாக்கள் இந்த மதிப்பீடுகளில் தொடர்ந்து 'பாதுகாப்பான' பட்டியலில்தான் இருந்து வந்திருக்கின்றன. அறிக்கை இதை எடுத்துத் தடித்த எழுத்தில் போடும். தவறில்லை. ஆனால் தாலுகா என்பது நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர். மேட்டுநிலம் இரண்டு மூன்று சதுர கிலோமீட்டர். தாலுகாவின் இன்னொரு மூலையில் ஆற்றங்கரைக் கிணற்றில் தண்ணீர் ததும்புவதால் இந்த மேட்டின் ஊற்றில் ஒரு சொட்டும் கூடாது.

மூன்றாவது, கிணற்றுச் சோதனை. ஆழ்குழாய்க் கிணறு போட்டு மோட்டாரை ஓடவிட்டு, நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறுகிறது என்று பார்ப்பது வழக்கம். நல்ல சோதனைதான். ஆனால் அதை அக்டோபரில், தொட்டி நிரம்பி வழியும்போது, சில மணி நேரம் மட்டும் செய்தால் எந்தக் கிணறும் பாஸாகிவிடும். செய்ய வேண்டியது மே மாதத்தில். இரண்டு மூன்று நாள் விடாமல் இறைத்து. அதே சமயம் கீழே கிராமத்துக் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் என்ன நடக்கிறது என்று அளந்து. மனை எல்லைக்குள் இருக்கும் கிணற்றை மட்டும் சோதிப்பது, குற்றம் சாட்டப்பட்டவரிடமே சாட்சி வாங்குவது மாதிரி.

கடல் பக்கத்தில் இருந்தால் இன்னொரு ஆபத்து. கடலோரத்தில் நிலத்தடி நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் எடை குறைந்தது என்பதால் இந்த ஏற்பாடு. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழத்துக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறியப்பட்ட கணக்கு. இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேல்மட்டம் நிரந்தரமாக ஒரு மீட்டர் இறங்கினால், அடியில் உப்பு 40 மீட்டர் மேலே வரப் பார்க்கும். உடனே நடந்துவிடாது, வருஷங்கள் ஆகலாம். ஆனால் வந்த உப்பைத் திருப்பி அனுப்புவது ஒரு தலைமுறை வேலை. சௌராஷ்டிரக் கடற்கரையில் பாசனத்துக்காக இறைத்து இறைத்து 1970-களிலேயே கிணறுகள் உப்பானதைக் குஜராத் விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை.

'மழைநீரைச் சேகரிப்போம், நிலத்தடி நீரைத் தொடமாட்டோம்' என்று இப்போதைய அறிக்கைகள் வாக்குக் கொடுக்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. மைதானத்தின் நடுவே வரும் குளங்களின் அடியில் தண்ணீர் இறங்காதபடி பிளாஸ்டிக் விரிப்புப் போடுவார்கள். அந்தக் குளத்தில் பிடிக்கும் மழை எது? நேற்றுவரை கல்லின் துளை வழியே இறங்கி ஊற்றுக்குப் போன மழையின் ஒரு பங்கும் அதில் இருக்கிறது. போர்வெல் போட்டு எடுத்தால் கீழேயிருந்து எடுப்பது. விரிப்புப் போட்டுப் பிடித்தால் மேலேயே மறித்து எடுப்பது. வீணாகக் கடலுக்கு ஓடும் வெள்ளத்தை மட்டும் பிடிக்கிறோம் என்றால் அது நியாயம். ஆனால் எவ்வளவு ஓட்டம், எவ்வளவு ஊடுருவல் என்று அந்த இடத்திலேயே அளந்து காட்டிய பிறகு சொல்ல வேண்டிய வார்த்தை அது.

இனி கழிவு. கோல்ஃப் மைதானத்தின் கழிவு என்றால் விடுதிச் சமையலறையும் கழிப்பறையும்தான் ஞாபகத்துக்கு வரும். பெரிய கழிவு புல்லிலிருந்து வருகிறது. பந்து உருண்டு குழியில் விழும் 'கிரீன்' என்ற இடத்தில் புல்லை மூன்று, நான்கு மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டுகிறார்கள். அந்த உயரத்தில் எந்தப் புல்லும் நோஞ்சான்தான். உரம் கொடுத்துத் தாங்க வேண்டும்; பூஞ்சை வராமல் மருந்தடிக்க வேண்டும்; புழுவுக்கு ஒன்று, களைக்கு ஒன்று. அடியில் ஓர் அடி ஆழத்துக்கு மணல், அதன் கீழ் சரளை, அதன் கீழ் வடிகால் குழாய் என்று இதைக் கட்டுவதே, தண்ணீர் ஒரு நிமிஷமும் தங்காமல் வடிந்து போகட்டும் என்றுதான். வடிவது தண்ணீர் மட்டுமல்ல. ஆகவே கழிவு அத்தியாயத்தில் தேட வேண்டிய முதல் வரி: அந்த வடிகால் குழாயின் மறுமுனை எங்கே திறக்கிறது? வரைபடத்தில் அதைக் கண்டுபிடியுங்கள். திறக்கும் இடத்துக்குக் கீழே யாருடைய ஊற்று இருக்கிறது என்று பாருங்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 200 கிலோ தழைச்சத்து போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்தில் ஒரு பங்கு வேரைத் தப்பிக் கீழே இறங்குகிறது. 30 ஹெக்டேரில் 600 கிலோ நைட்ரஜன். நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் சுமார் 2,650 கிலோ. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் நைட்ரேட்தான் இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அந்த 2,650 கிலோ, கிட்டத்தட்ட 6 கோடி லிட்டர் சுத்தமான தண்ணீரை அந்த வரம்பின் விளிம்புக்குக் கொண்டுபோகப் போதும். கோவா மழையில் இது கரைந்து நீர்த்துப்போகும் என்று வாதிடலாம், பாதி உண்மையும்கூட. ஆனால் ஊற்றும் கிணறும் ஆண்டின் சராசரியைக் குடிக்கத் தருவதில்லை. கோடை முழுக்கப் புல்லடியில் தேங்கியதை ஜூனின் முதல் மழை ஒரே வாரத்தில் கழுவி இறக்கும்போது கிணற்றில் என்ன இருக்கிறது என்பதே கேள்வி. நைட்ரேட்டுக்கு நிறமோ நாற்றமோ கிடையாது. காய்ச்சினால் போகாது, தண்ணீர் வற்றுவதால் கொஞ்சம் அடர்த்தியாகும். தாய்மார்கள் தண்ணீரைக் காய்ச்சி பாட்டிலில் பால் கலக்கும்போது, கைக்குழந்தைக்குத்தான் முதல் ஆபத்து. ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் குழந்தையின் உடல் நீலம் பாரிக்கும்.

பூச்சிமருந்தைப் பற்றி அறிக்கைகள் 'அனுமதிக்கப்பட்ட மருந்துகளே பயன்படுத்தப்படும்' என்று ஒரே வரியில் முடிக்கும். டயசினான் என்ற மருந்தும் ஒரு காலத்தில் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டதுதான். கோல்ஃப் மைதானங்களில் புல் மேய வந்த வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்த பிறகு, 1980-களில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மைதானங்களில் அதைத் தடை செய்ய இறங்கியது. ஆகவே மருந்தின் பெயர், ஆண்டுக்கு எத்தனை கிலோ, எந்த மாதத்தில், காலி டப்பாக்கள் எங்கே போகும் என்று பட்டியலாகக் கேட்க வேண்டும். பட்டியல் தர முடியாதவர் இன்னும் திட்டமிடவில்லை என்று பொருள்.

'சுத்திகரித்த கழிவுநீரையே புல்லுக்குப் பாய்ச்சுவோம்' என்பது அறிக்கையின் பிரம்மாஸ்திரம். நீர்ப் பிரச்னையும் கழிவுப் பிரச்னையும் ஒரே அம்பில் தீர்ந்துவிடும். இதையும் பெருக்கிப் பார்ப்போம். விடுதியும் வில்லாக்களும் நிரம்பி வழிந்து 600 பேர் தங்குகிறார்கள். தாராளமாக ஆளுக்கு 300 லிட்டர் செலவழிக்கிறார்கள். மொத்தம் 1,80,000 லிட்டர். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பினால் 1,44,000 லிட்டர். புல்லுக்கு வேண்டியது 15 லட்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனைப் பசிக்குச் சோளப்பொரி.

பெரிய நகரத்தில் இது முடியும். சண்டிகரில் நகரத்துக் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்துத் தனிக் குழாயில் பூங்காக்களுக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் அனுப்புகிறார்கள். பத்து லட்சம் பேர் குளித்து முடித்த தண்ணீர் அங்கே இருக்கிறது. சில நூறு பேர் கிராமத்து மேட்டில் அந்த வார்த்தையை எழுதும்போது அதற்கு அர்த்தம் மாறிவிடுகிறது. ஓர் ஊரில் செல்லுபடியாகும் நோட்டை இன்னொரு ஊரில் நீட்டுவது போல.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. ஜூலையில் புல்லுக்குத் தண்ணீர் தேவையே இல்லை. வானமே போதும் போதும் என்று ஊற்றுகிறது. ஆனால் விடுதியில் ஆள் இருக்கும் வரை கழிவுநீர் வந்துகொண்டே இருக்கும். 'ஒரு சொட்டும் வெளியே விடமாட்டோம்' என்று அறிக்கை சொல்கிறதே, மழைக்காலத்தின் நாலு மாதமும் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நாலு மாதம் சேமிக்கத் தொட்டி இருக்கிறதா? இல்லையென்றால் அது போகும் இடம் ஒன்றுதான்: அதே துளை நிறைந்த கல்லுக்குள். மேலும், கழிவைச் சுத்திகரிப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு நாள்தோறும் ஒழுங்காகத் தீனி வேண்டும். டிசம்பரில் விடுதி நிரம்பியும் ஆகஸ்டில் காற்றாடியும் இருந்தால், அவை ஒரு மாதம் பட்டினி கிடந்து, அடுத்த மாதம் அஜீரணத்தில் தவிக்கும். நிலையம் ஓடிக்கொண்டிருக்கும், வெளியே வருவது சுத்தமான தண்ணீர் என்று சொல்ல முடியாது. தண்ணீர்க் கணக்கை மே மாதத்தில் கேளுங்கள் என்றேன். கழிவுக் கணக்கை ஜூலையில் கேளுங்கள்.

திடக்கழிவு மிச்சம் இருக்கிறது. வெட்டிய புல், சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு, விடுதிக் குப்பை. கோவாவின் மேடுகளில் செம்புறைக் கல் வெட்டியெடுத்துக் கைவிட்ட பள்ளங்கள் நிறைய உண்டு. குப்பைக்குத் தோதான குழி என்று பார்க்கிறவருக்குத் தோன்றும். கல் வெட்டியதால் வடிகட்டும் மேற்தளம் போய்விட்ட இடம் அது. கொட்டுவது நேரே தொட்டிக்குள் போகும்.

இத்தனையும் கேட்க கிராமத்தாருக்கு ஒரு மேடை வேண்டாமா? நம் சட்டத்தில் இதற்கு ஒரு சரித்திரம் உண்டு. 1994-ல் சுற்றுச்சூழல் மதிப்பீடு கட்டாயமாயிற்று. 1997-ல் மக்கள் கருத்துக் கேட்பு சேர்ந்தது. 2006 செப்டம்பரில் புதிய அறிவிக்கை வந்தது. அதில் தொழில்களின் நீண்ட பட்டியல் இருக்கிறது. கோல்ஃப் மைதானம் என்று ஒரு தனி வரி கிடையாது. விடுதியும் வில்லாவும் சேர்ந்தால், கட்டடப் பரப்பையும் நிலப் பரப்பையும் பொறுத்து, கட்டுமானத் திட்டம் அல்லது நகரியம் என்ற தலைப்பின் கீழ் அது வருகிறது. அந்தத் தலைப்பின் கீழ் வரும் திட்டங்களுக்கு அறிவிக்கை மக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளித்தது. நகரத்து அடுக்குமாடிக்காக நினைத்து வைத்த விலக்காக இருக்கலாம். ஆனால் அதே கதவு வழியாக 60 ஹெக்டேர் புல்தரையும் உள்ளே நுழைந்துவிட முடிகிறது. ஊரின் மேல்நிலைத் தொட்டியைப் பற்றிய முடிவில் ஊரைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லாமல் போகிறது.

மதிப்பீட்டு அறிக்கையை எழுதும் ஆலோசகருக்குச் சம்பளம் கொடுப்பவர் திட்டத்தின் முதலாளிதான். 2010 முதல் ஆலோசகர்களுக்கு அங்கீகாரம் தேவை என்றாகியிருக்கிறது, நல்லதே. ஆனாலும் பெண் பார்க்கப் போகிறவருக்குப் பெண் வீட்டார் கூலி கொடுத்தால் அவர் குறை சொல்வாரா? ஆலோசகர் பொய் எழுதுகிறார் என்று சொல்லவில்லை. மே மாதத்தில் அளக்க வேண்டியதை அக்டோபரில் அளந்தால், எழுதும் ஒவ்வொரு எண்ணும் உண்மையாகவே இருக்கும். அதுதான் இதன் நுட்பம்.

கோல்ஃப் ஆட்டத்தின்மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் இல்லை. ஸ்காட்லாந்துக் கடலோர மணல் மேடுகளில், மழை வளர்த்த புல்லை ஆடு மேய்ந்து சமன் செய்த தரையில் ஆரம்பித்த ஆட்டம் அது. நிலம் எப்படியோ ஆட்டம் அப்படி. நம் நாட்டிலும் வறண்ட ஊர்களில் 'கிரீனு'க்குப் பதில் மணல் பரப்பிய 'பிரவுன்' வைத்து ராணுவத்தார் ஆடியிருக்கிறார்கள். ஆட்டம் ஒன்றும் கெட்டுவிடவில்லை. வேலை வரும் என்று நம்பும் கிராமத்து இளைஞனின் நியாயமும் புரிகிறது. அவன் வீட்டுக் கிணற்றையும் வைத்துக்கொண்டு அந்த வேலையைப் பெற வழி உண்டா என்பதற்குத்தான் மதிப்பீடு என்ற ஏற்பாடே.

திட்டம் வரும் என்று காதில் விழுந்த உடனே ஊர் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. அதற்கு வக்கீலும் வேண்டாம், விஞ்ஞானியும் வேண்டாம். ஒரு கயிறு, நுனியில் ஒரு கல், ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். ஊரின் எல்லாக் கிணறுகளுக்கும் எல்லா ஊற்றுகளுக்கும் எண் போடுங்கள். மாதம் ஒருமுறை, அதே தேதியில், விடிகாலையில் இறைப்பதற்கு முன், விளிம்பிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று அளந்து தேதியோடு எழுதுங்கள். ஊற்றின் கீழ் ஒரு குடத்தை வைத்து நிரம்ப எத்தனை நிமிஷம் என்று எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் செய்வார்கள். ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், நைட்ரேட்டுக்கும் உப்புக்கும் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புங்கள். இரண்டு மே மாதம் இப்படி எழுதிவிட்டால், 300 பக்க அறிக்கையில் இல்லாத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

நாளைக்கு மைதானம் வந்து கிணறு வற்றினாலும், இதற்கு முன் இங்கே எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அநேகமாக ஊரார் தலையில்தான் விழும். அப்போது தேடினால் கிடைக்காது. இந்த மே மாதமே ஆரம்பிக்க வேண்டும்.